சூரியன் எந்தப் பக்கம் இருந்தது?

ரங்கூனின் கண்டோஜி ஏரிக்கரையில் சாயங்காலம் நின்றால் ஷ்வேடகோன் பகோடா நமக்கு மேற்கே இருக்கும். சூரியன் அதன் தோளுக்குப் பின்னால் இறங்கும். கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது. ஆரஞ்சு வானம், நிழல் விழுந்த பக்கத்தின் மங்கிய தங்கம், தண்ணீரை ஒட்டிய மரங்களின் கரும்பச்சை, மரப்பாதையில் நடந்து போகிறவரின் லுங்கியில் உள்ள கட்டம்கூடத் தெரிகிறது. கேமராவில் ஒரு கிளிக் அடித்தால் பாதிதான் கிடைக்கும். வானம் நன்றாக வந்தால் பகோடா கரிக்கட்டையாகிவிடும். பகோடா வந்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) வந்தது. பல அளவு வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து, வெளிச்சத்தின் முழு வீச்சையும் ஒரே படத்தில் கொண்டுவரும் முறை அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதைக் கேள்விப்பட்டதும் நான் செய்த முதல் வேலை, மூன்று படம் எடுத்து ஒரு மென்பொருளில் போட்டு எல்லா ஸ்லைடரையும் வலப்பக்கம் இழுத்ததுதான். தங்கம் மஞ்சள் பூசினாற்போல் ஆனது. வானம் ஈயச் சாம்பல். பகோடாவின் உச்சிக் குடையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். அன்றைக்கு அது எனக்குப் பிரமாதமாகத் தெரிந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நான் தொழில் பழகிய ஸ்டுடியோவின் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஃபிலிம் காலத்து ஆள் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒரே கேள்வி கேட்டார்: "சரி தம்பி, இதில் சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. படத்தில் எல்லா இடமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தது. மேற்கில் சூரியன் இறங்குகிறது, ஆனால் கிழக்குப் பக்கத்துத் தங்கம் வானத்தை விடப் பிரகாசமாக இருக்கிறது. அப்படி ஒரு மாலை உலகத்தில் கிடையாது. எச்.டி.ஆர். பற்றி அதன்பின் நான் கற்றது முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். எது எதைவிட வெளிச்சம் என்ற வரிசை இடத்தில் இருந்தால், எவ்வளவு சுருக்கினாலும் படம் நம்பும்படி இருக்கும். வரிசை குலைந்தால் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் பொம்மைதான்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒளிப்படக்காரர்கள் வெளிச்சத்தை ஸ்டாப் என்ற அளவில் எண்ணுவார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். பக்கத்துக் கடையின் உள்ளே நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. அந்த வித்தியாசமே பத்து ஸ்டாப். நல்ல முழுஃபிரேம் கேமராவின் சென்சார், ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவு மிகக் குறைவாக இருக்கும்போது, பதினான்கு ஸ்டாப்பை ஒட்டிப் பிடிக்கிறது. அதை நாம் காட்டும் இடம்தான் சிறியது. பளபளப்பான பிரிண்டில் மிக வெள்ளையான இடம் மிகக் கறுப்பான இடத்தை விடச் சுமார் நூற்றைம்பது மடங்குதான் பிரகாசம், அதாவது ஏழு ஸ்டாப்புக்குச் சற்று மேல். வெயில் படும் வெள்ளைச் சுவரின் ஒளிர்வு இருபதாயிரம் நிட்ஸைத் தாண்டும். சாதாரண லேப்டாப் திரை தருவது முந்நூறு நிட்ஸ்.

ஆக, இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. வீச்சைப் பிடிப்பது ஒன்று. பிடித்ததைச் சின்ன இடத்துக்குள் சுருக்குவது இன்னொன்று. பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதில் மெனக்கெடுகிறார்கள். படம் கெடுவது இரண்டாவதில்.

இந்தச் சிக்கல் ஒளிப்படம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடற்படங்கள் எடுத்தபோது கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானக் கோட்டில் ஒட்டி ஒரே பிரிண்டாக்கினார். நம் ஊர்க் கதை அதைவிட நெருக்கமானது. 1855-இல் பர்மா மன்னரின் ஆவா அரசவைக்கு ஆங்கிலேயர் அனுப்பிய தூதுக்குழுவோடு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி கேமரா தூக்கி வந்தார். ரங்கூன், பகான், அமரபுரா என்று இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் எடுத்தார். கண்ணாடியில் அல்ல, மெழுகிட்ட காகிதத்தில். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளி மட்டும் அதிகமாக உறைக்கும். அதனால் கோயில் சரியாக வரும் அளவுக்கு ஒளி விட்டால் வானம் மொத்தமும் வெளுத்துப்போகும். கண்டோஜி கரையில் நான் பட்ட அதே பாடு. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ்மேல் வண்ணம் தீட்டி மேகங்களைக் கையால் உருவாக்கினார். சில படங்களில் மர இலைகளையும் அப்படிச் சரிசெய்திருக்கிறார். அந்தப் பர்மாப் படங்களை உற்றுப் பார்த்தால், மேகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம் விழவேண்டும் என்பதை யோசித்துத் தீட்டியிருப்பது தெரியும். இதே மனிதர் அடுத்துப் போனது நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த மண்ணுக்கு. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. பகானின் செங்கல்லும் தஞ்சையின் கருங்கல்லும் ஒரே கையின் வெளிச்சக் கணக்கில் பதிவானது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்ப்பைத் தரும் விஷயம்.

அதற்குப் பிந்திய வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1940-ஐ ஒட்டி அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வெளிச்சத்தைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மண்டலங்களாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்த மண்டலத்தில் விழவேண்டும் என்று படம் எடுக்கும் முன்பே முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1997-இல் கணினி ஆய்வாளர்கள் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் பல ஷட்டர் வேகங்களில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிட்டு எடுக்கும் வழியை வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள் பலவற்றின் வேர் அது. 2002-இல் எரிக் ரைன்ஹார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்த ஒளி அளவுகளைத் திரைக்குச் சுருக்கும் டோன் மேப்பிங் முறை ஒன்றைத் தந்தபோது, ஆடம்ஸின் மண்டலக் கணக்கைத்தான் அடிப்படையாக எடுத்தார்கள். இருட்டறையில் பிறந்த யோசனை கணினிக்குள் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இனி களத்துக்கு வருவோம். ரங்கூன் நடுவில், அனோரதா வீதியை ஒட்டி, 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கோபுரத்தின் ஒரு பக்கம் முழு வெயில். சுதைச் சிற்பங்களின் பச்சையும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். பின்னால் வெள்ளை மேகம். கீழே கடைகளின் படுதாவுக்கு அடியில் நல்ல இருட்டு. பார்த்த மாத்திரத்தில் இது எச்.டி.ஆர். காட்சி என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் இங்கே ஏழு படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். காட்சியின் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து பார்க்கப் பழகியபின்தான் விஷயம் புரிந்தது. லென்ஸின் திறப்பு எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தபோது மேகத்துக்கு மீட்டர் 1/2000 நொடி காட்டியது. படுதா நிழலுக்கு 1/15. வித்தியாசம் ஏழு ஸ்டாப். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கச் சொல்லும். மேகம் நடுச் சாம்பல் இல்லையே, வெள்ளை. அதனால் அதற்கு மூன்று ஸ்டாப் கொஞ்சம் குறைய வெளிச்சம் கூட்டி 1/320-இல் எடுத்தால் மேகம் வெள்ளையாகவும் இருக்கும், விவரமும் போகாது. அப்போது படுதா நிழல் நடுவிலிருந்து நாலரை ஸ்டாப் கீழே விழும். சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் பதினான்கு பிட் ரா ஃபைலில் அதைத் தூக்கி எடுக்க முடியும். ஒரே படம் போதும். ஏழு படம் சேர்த்தபோது புறாக்கள் இரண்டிரண்டாகத் தெரிந்ததும், மின்கம்பிகள் சற்றே தடித்ததும்தான் எனக்குக் கிடைத்த கூடுதல் பலன்.

அளந்து பார்க்காமல் எச்.டி.ஆர். எடுக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். வெளியில் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை, சூரியன் ஃபிரேமுக்குள் இல்லாதவரை, ஒழுங்காக எடுத்த ஒரே ரா ஃபைலில் அடங்கிவிடும். ஜேபெக்கில் எடுப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், ரா ஃபைலில் 16,384.

சூரியன் ஃபிரேமுக்குள் வரும்போதுதான் பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியைப் பல அளவு வெளிச்சத்தில் அடுத்தடுத்து எடுப்பது, உண்மையாகவே தேவைப்படுகிறது. கண்டோஜி மாலைக்கு நான் எடுப்பது ஐந்து படம்: 1/2000, 1/500, 1/125, 1/30, 1/8. இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி. மாற்றுவது ஷட்டரை மட்டும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, மாற்றினால் ஃபோகஸின் ஆழம் படத்துக்குப் படம் மாறி, சேர்க்கும்போது ஓரங்கள் பிசிறடிக்கும். ஐ.எஸ்.ஓ., ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துப் பூட்டிவிட வேண்டும். முக்காலி இருந்தால் நல்லது. ஆனால் இன்றைய ரங்கூனில் முக்காலியை விரித்தால் நாலு பேர் வந்து என்ன எடுக்கிறாய் என்று கேட்பார்கள். சீருடைக்காரர்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. அதனால் நான் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரில் கேமராவை அழுத்தி வைத்து, தொடர் கிளிக்கில் ஐந்தையும் ஒரு மூச்சில் எடுத்துவிடுவேன். சின்ன அசைவுகளை மென்பொருள் சரிக்கட்டிவிடும்.

அது சரிக்கட்டாதது தண்ணீரை. 1/2000-இல் அலை உறைந்து நிற்கும், 1/8-இல் மெழுகி விட்டாற்போல் வரும். இரண்டையும் கலந்தால் தண்ணீர் தண்ணீராக இருக்காது, துணி விரித்ததுபோல் இருக்கும். தண்ணீர், இலை, நடந்து போகும் ஆள், காற்றில் ஆடும் கொடி, இவற்றுக்கு ஐந்தில் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து அந்த இடத்தில் அதை மட்டும் வைப்பதுதான் வழி. மென்பொருளில் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. கண்டோஜி தண்ணீருக்கு நான் கையால்தான் செய்கிறேன், 1/125 படத்தை எடுத்து.

தங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பர்மாவில் படம் எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. வெயில் பட்ட தங்கத்திலிருந்து வரும் ஒளியில் சிவப்பு மிக அதிகம், நீலம் குறைவு. கேமராவின் மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) "எல்லாம் சரி" என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் உச்சியில் முட்டி நிரம்பியிருக்கும். சிவப்பு முட்டிய இடத்தில் பச்சை மட்டும் தொடர்ந்து ஏறும். தங்கம் எலுமிச்சை மஞ்சளுக்குத் திரும்புவதும், சாந்து பூசியதுபோல் வழவழப்பாவதும் இதனால்தான். என் முதல் படத்தில் ஸ்லைடரின் பாவம் பாதி என்றால் இது மீதிப் பாதி. ஹிஸ்டோகிராமை மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டச் சொல்லி, சிவப்புக் கோடு வலது சுவரில் ஒட்டாத ஒரு படமாவது பிராக்கெட்டில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதே சமயம் உச்சிக் குடையில் சூரியன் நேராகப் பட்டுத் தெறிக்கும் புள்ளிகள் இருக்கும். அவற்றை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். தெறிப்பு வெளுக்காத தங்கம் பித்தளை.

சுருக்கும் வேலைக்கு வருவோம். டோன் மேப்பிங்கில் இரண்டு வகை உண்டு. படம் முழுவதையும் ஒரே வளைகோட்டால் சுருக்குவது ஒரு வகை. வெளிச்சத்தின் வரிசை இதில் மாறவே மாறாது, ஆனால் படம் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஒவ்வொரு இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தனித்தனியாகச் சரிசெய்வது மற்றது. விவரம் துள்ளி வரும், வரிசை குலைவதும் இங்கேதான். பிரகாசமான வானத்துக்குப் பக்கத்தில் கறுத்த கோபுரம் இருக்கிறது என்று வையுங்கள். வானத்தை அடக்கப் போகும் கணக்கு, கோபுரத்தின் ஓரத்துக்கு வரும்போது அக்கம்பக்கச் சராசரியில் கோபுரத்தின் இருட்டையும் சேர்த்துக்கொள்ளும். ஓரத்து வானம் குறைவாகவே அடங்கி வெளுத்து நிற்கும். அந்த வெள்ளை வளையத்தின் ரகசியம் அவ்வளவுதான். மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-இல் சொன்ன எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறை இன்னொரு வழியில் போகிறது. ஒளி அளவைக் கணக்கிடாமல், ஒவ்வொரு படத்திலும் எந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது என்று எடைபோட்டு அவற்றை இழைத்துச் சேர்க்கும். பார்வைக்கு இயல்பாக வரும். பழகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

டிசம்பரில் பகானுக்குப் போனால் இந்த நிதானத்தின் அருமை தெரியும். காலைப் பனியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செங்கல் கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும். தூரத்தைக் காட்டுவதே அந்த மங்கல்தான். விவரத்தைக் கூர்மையாக்கும் கிளாரிட்டி ஸ்லைடரைத் தொட்ட உடனே பின்வரிசைக் கோயில்கள் முன்னால் வந்து நிற்கும். காட்சி காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலாகும். ஆனந்தா கோயிலுக்குள் போனால் இன்னும் ஒருபடி மேலே. 1105-ஐ ஒட்டிக் கட்டிய அந்தக் கோயிலில் நாலு திசைக்கும் ஒரு நின்ற புத்தர். மேலே சுவரில் மறைவாக வைத்த திறப்பு வழியாக வெளிச்சம் வந்து புத்தர் முகத்தில் விழுகிறது. கூடம் இருட்டு, முகம் ஒளி. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒளியமைப்பு அது. எச்.டி.ஆர். போட்டுக் கூடத்தையும் வெளிச்சமாக்கினால் கட்டியவரின் வேலையை அழித்தாயிற்று.

அமரபுராவின் ஊ பெயின் பாலமும் அப்படித்தான். 1850 வாக்கில் தேக்கால் கட்டிய, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். மாலையில் மக்கள் ஏரியில் படகில் போய் அதை எடுப்பது நிழலுருவத்துக்காக. தூண்களின் கறுப்புக் கோடுகளும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஆளின் வெட்டுருவமும்தான் படம். மர இழையை வெளியே கொண்டுவந்து என்ன செய்யப் போகிறோம்?

கைபேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இன்று எச்.டி.ஆர். எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதில்தான், அதுவும் தெரியாமலேயே எடுக்கிறார்கள். 2010-இல் ஐபோனில் அந்த வசதி வந்தது. 2013-இல் கூகுள் தன் நெக்ஸஸ் 5-இல் கொண்டுவந்த முறை வேறு மாதிரி. ஒளி கூட்டிக் குறைத்து எடுப்பதற்குப் பதிலாக, வானம் வெளுக்காத அளவுக்கு ஒளியைக் குறைத்து, ஒரே மாதிரிப் பல படங்களைச் சடசடவென்று எடுத்துச் சேர்க்கும். நிழலைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருமே என்றால், படங்களைச் சராசரி எடுக்கும்போது இரைச்சல் குறைகிறது. ஒன்பது படம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்காகும். நல்ல யோசனை. கேமராவிலும் இதைச் செய்யலாம், நான் செய்கிறேன். கைபேசியின் குறை, எந்த நிழலை எவ்வளவு தூக்குவது என்பதை அதுவே முடிவு செய்வதுதான். கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே எடுத்த படத்தில் மணமகள் முகமும் வானமும் ஒரே வெளிச்சத்தில் வந்தால், பெரியவர் கேள்வியை அந்தப் போனிடம் கேட்கத் தோன்றும். 2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்.டி.ஆர். படங்கள், பிரகாசமான திரையில் வெளிச்சத்தை உண்மையாகவே ஏற்றிக் காட்டுகின்றன. திரையில் ஜொலித்த வானம் பிரிண்டில் ஏன் இல்லை என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். காகிதத்துக்கு ஏழு ஸ்டாப்தான் என்று பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சங்கதியும் உண்டு. கரண்ட் போய்விட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் திரையை மங்கலாக்கிக்கொண்டு எடிட் செய்வோம். மங்கிய திரையில் நிழல் எல்லாம் இருட்டாகத் தெரியும், கை தானாக அதைத் தூக்கும். மறுநாள் கரண்ட் வந்தபின் பார்த்தால் படம் வெளிறிக் கிடக்கும். எனக்கு இது புரிய இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இப்போதெல்லாம் திரை மங்கலாக இருக்கும்போது படங்களைத் தேர்ந்தெடுப்பது, படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது போன்ற வேலைகளை மட்டும் செய்கிறேன். வெளிச்சத்தைத் தொடுவது முழுப் பிரகாசத்தில் மட்டுமே.

பழகுவதற்கு நான் கண்ட நல்ல வழி, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. ஷ்வேடகோனையே எடுங்கள். கண்டோஜி கரைக்குக் காலையில் போனால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், தங்கம் முழு ஒளியில், ஒரு கிளிக் போதும். மாலையில் அதே இடம் ஐந்து படம் கேட்கும். மாலையிலேயே பகோடாவுக்கு மேற்கே உள்ள மக்கள் பூங்காவுக்குப் போய் நின்றால் மறுபடி ஒன்றே போதும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வானம் மூடியிருக்கும், நிழலே விழாது. ஆனால் அந்தச் சாம்பல் வானம் தரையை விடப் பல மடங்கு பிரகாசம். நனைந்த பளிங்குத் தரையில் தங்கத்தின் பிம்பம் விழுந்து கிடக்கும். பிம்பம் எப்போதும் அசலை விடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். எடிட் செய்யும்போது பிம்பம் அசலை மிஞ்சினால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்டோபரில் தடிஞ்சுட் விளக்குத் திருவிழா வரும். நம் தீபாவளியும் அதை ஒட்டியே வரும். சூரியன் மறைந்தபின் இங்கே அந்தி நீண்ட நேரம் நிற்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கி, சுமார் 22 நிமிடத்தில் நல்ல இருட்டாகிவிடும். அந்த 22 நிமிடத்தின் பிற்பாதியில் ஒரு சின்ன இடைவெளி. வானம் கருநீலத்துக்கு இறங்கிவர, பகோடாவின் மின்விளக்கு வெளிச்சம் அதற்குச் சமமாக எழும்பி நிற்கும். ஸ்பாட் மீட்டரில் மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே மூன்று ஸ்டாப்கூட இருக்காது. ஐந்து படமும் வேண்டாம், டோன் மேப்பிங்கும் வேண்டாம். ஏரிக்கரைச் சுவரில் கேமராவை ஊன்றி, மீட்டரில் இரண்டும் நெருங்கி வரும்வரை காத்திருந்து, ஒரே ஒரு படம்.